கை நீளம்

அந்தக் கல்குவாரிக் குடியிருப்பில் வெயில் அடிக்கிற அடிக்கு, மனிதர்கள் தங்கள் தோலையே கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம் போலிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி தையல் கடைக்கு வந்து, "அக்கா, கை மட்டும் கொஞ்சம் நீளமா வைங்க, மணிக்கட்டு வரைக்கும்" என்று கேட்டால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, அவளுக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும். மற்றதைத் தையலக்கா வாய்விட்டுக் கேட்டதில்லை.

கேட்கவும் தேவையில்லை. கடையின் மூலையில் ஒரு திரை. அதற்குப் பின்னால்தான் அளவு எடுப்பாள். நாடாவைத் தோளில் வைத்து இறக்கும்போது நீலமும் மஞ்சளுமாய்த் தடங்கள் தெரியும். "கதவுல இடிச்சுக்கிட்டேன்க்கா" என்பார்கள். அந்தக் குடியிருப்பின் கதவுகள் பெண்களைத் தேடித் தேடி வந்து இடிக்கிற கதவுகள். தையலக்கா "பார்த்து நடம்மா" என்று சொல்லிவிட்டுக் கேட்ட நீளத்துக்குத் தைத்துக் கொடுப்பாள். பல வருடங்கள் இப்படியே போயின. நாடா நீளத்தைத்தான் அளக்கும், காரணத்தை அளக்காது என்று அவள் தனக்குத் தானே ஒரு சமாதானம் வைத்திருந்தாள்.

அவள் கணவர் குவாரியில் கம்ப்ரசர் ஓட்டுகிறவர். எறும்பை மிதித்துவிட்டால் எறும்பிடம் மன்னிப்புக் கேட்கிற ஜாதி. ஆனால் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் சத்தம் எழும்பினால் மனிதர் எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்து படுத்துக்கொள்வார். "நமக்கு ஏன் வம்பு?" என்பார். அவளுக்கும் அதுவே சரியாகப் பட்டது. இல்லை, சரியாகப் பட வைத்துக்கொண்டாள்.

பிறகுதான் அந்த வேன் வந்தது. டவுனிலிருந்து வாரம் ஒரு நாள் வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும். அதன் வயிற்றில், குருடனுக்கும் தெரிகிற எழுத்தில், 'வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவி' என்று எழுதியிருந்தது. உள்ளே நாற்காலி, படுக்கை, ஆலோசனை சொல்ல ஒரு மேடம் எல்லாம் இருந்தன. ஆனால் அதை நாடி வந்தவை ஆடுகள் மட்டுமே. வேனின் நிழலில் படுத்து அசைபோட்டுவிட்டுப் போயின.

ஒரு நாள் மேடம், தோள்பையின் அறுந்துபோன பட்டையைத் தைக்கக் கடைக்கு வந்தார்.

"இந்த ஊர்ல பெண்களுக்கு ஒரு குறையும் இல்லையாமே. யாரைக் கேட்டாலும் சொல்றாங்க" என்றார்.

"ஆமா மேடம். கதவுதான் கொஞ்சம் மோசம்."

மேடத்துக்குப் புரிந்துவிட்டது. சிரிக்கவில்லை. "வேன்ல இருக்கற எழுத்தை அழிக்கச் சொல்லி மூணு தடவை கேட்டுட்டேன்மா. பெயிண்ட் அடிச்சவங்க மேலிடம். அழிக்கவும் மேலிடம்தான் சொல்லணுமாம்."

பட்டையைத் தைத்து முடித்து, நூலை அறுத்துவிட்டுத் தையலக்கா தானாகவே சொன்னாள்: "யாராவது கை நீளமா கேட்டா உங்களுக்கு ஒரு ஃபோன் போடறேன். அவ்வளவுதான் என்னால முடியும். என் பேரு எங்கயும் வரக் கூடாது."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. குடியிருப்பில் ஃபோனுக்குச் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டியின் படியில் மட்டும். கீழே குழாயடியில் எப்போதும் நாலு பெண்கள் குடத்தோடு நிற்பார்கள். ஆகையால் நூல் கடைக்காரரிடம் பேசுவது போலத் தையலக்கா, "நீளக் கை ஒண்ணு வந்திருக்கு" என்பாள். அந்த வாரம் மேடம் வேன் எழுத்தின் மேல் 'ரத்த அழுத்தப் பரிசோதனை' என்ற அட்டையைத் தொங்கவிட்டு வருவார். கை நீளம் கேட்டவள் அளவு சரிபார்க்கக் கடைக்கு வருவாள். திரைக்குப் பின்னால் மேடம் இருப்பார். ஒருத்தி தாய் வீட்டுக்குப் போனாள். ஒருத்தி டவுனில் இருக்கிற பாதுகாப்பு இல்லத்துக்குப் போனாள். இன்னொருத்தி எங்கும் போகவில்லை, ஆனால் ஃபோன் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டாள். பெண்களுக்குள் சேதி மெல்லப் பரவியது. கை நீளம் என்றால் என்னவென்று தெரியவேண்டியவர்களுக்குத் தெரிந்தது.

இந்தச் சமயத்தில்தான் கேன்டீன் டீ மாஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு வந்தார். புதுப் பெண் கடைக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "கை முழுசா மூடணும்க்கா" என்றாள். கண் வீங்கியிருந்தது. அளவு எடுக்கக் கையைக் காட்டச் சொன்னால் இழுத்து மூடிக்கொண்டாள். வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள்ளேயா? தையலக்கா தொட்டிப் படிக்கு ஓடினாள்.

மேடம் வந்தார். திரைக்குப் பின்னால் அந்தப் பெண்ணிடம் பக்குவமாக, பயப்பட வேண்டாம், அவர் உன்னை என்ன செய்கிறார் என்று கேட்டார். அவள் திருதிருவென்று விழித்தாள். பிறகு கையை நீட்டிக் காட்டினாள். கை முழுக்கத் தேமல். புதுப் புருஷன் பார்த்து அருவருப்பாரோ என்று அழுது அழுது கண் வீங்கியிருக்கிறது. கதை அவ்வளவுதான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கை நீளம் கேட்டதற்கு மேடம் வந்து அடி விழுகிறதா என்று விசாரித்ததை, அவள் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். டீ மாஸ்டர் கெட்டவர் இல்லை. ஆனால் வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு டீ ஆற்றுவதற்குள் மூன்று வீட்டுக் கதையை ஆற்றிவிடுவார். மறுநாள் கேன்டீனில் வெறும் வாய்க்கு அவல் கிடைத்தாற்போல் ஆகிவிட்டது.

"என்னப்பா, உன் வீட்டுல முழுக் கையா, அரைக் கையா?"

"என் சம்சாரம் நேத்து நீளக் கை கேட்டா. குளிருதாம். நான் நம்பணுமாம்."

எல்லாரும் சிரித்தார்கள். வெடிக்காரர் மட்டும் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார். குவாரியில் பாறைக்கு மருந்து வைத்து வெடிப்பவர் அவர். அவர் மனைவி நாலு நாளைக்கு முன்னால்தான் தையலக்காவிடம் கை நீளம் கேட்டிருந்தாள். அவளுக்காகத்தான் அடுத்த நடை வேன் வரவேண்டியிருந்தது.

வேன் வருகிற அந்தக் காலையில் வெடிக்காரர் மனைவியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அவள் வாசலிலேயே நின்றாள். துணி மெஷின் மேல் வந்து விழுந்தது.

"கை நீளமா தைக்கச் சொல்லியிருந்தாளாமே."

"ஆமாங்க."

"வேண்டாம். கையே இல்லாம தைங்க. என் வீட்டுல மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லேன்னு நாலு பேர் பார்க்கட்டும்." குரல் உயரவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்து, "இல்லையா?" என்றார்.

"ஆமா" என்றாள் அவள்.

தையலக்கா நாடாவை எடுத்தாள். "அளவு புதுசா எடுக்கணுங்க" என்றாள். திரைக்குப் பின்னால் அந்தப் பெண் கையைத் தூக்கினாள். பாதிதான் தூக்க முடிந்தது. உதடு மட்டும் அசைந்தது. "ராத்திரிக்கு இருக்குன்னு சொல்லிட்டாருக்கா."

அப்போது முதல் சங்கு ஊதியது. அந்தச் சங்கு ஊதினால் குவாரியை ஒட்டிய சாலையின் இரு முனையிலும் குறுக்குக் கம்பி விழும். ஈ காக்கை கடக்க முடியாது. வெடி முடிந்து இரண்டாம் சங்கு ஊதும்வரை வெடிக்காரர் பள்ளத்தை விட்டு நகரக் கூடாது. "நான் வர்றவரைக்கும் இங்கயே இரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தையலக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கால் ஓடியது. தொட்டிப் படியேறி ஃபோனை எடுத்தாள்.

"நாங்க கம்பிக்கு இந்தப் பக்கம் நிக்கறோம்மா" என்றார் மேடம். "அந்த நீளக் கை கடைக்கு வந்தாச்சா?"

கீழே குழாயடியில் ஒருத்தி அண்ணாந்து பார்த்து, "இன்னிக்கு யாரு வீட்டுலக்கா கை நீளம்?" என்றாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

தையலக்கா அவர்களைப் பார்த்தாள். அதில் இரண்டு பேருக்கு அவளே நீளக் கை தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

"கையும் இல்ல, நீளமும் இல்ல மேடம்" என்றாள் ஃபோனில். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "வெடிக்காரர் பொண்டாட்டியை அடிக்கிறாரு. இன்னிக்கு ராத்திரி கொன்னாலும் கொன்னுடுவாரு. தையல்காரி சொன்னான்னே எழுதிக்குங்க."

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

அந்தப் பெண்ணின் கையைப் பிடிக்காமல், வலிக்குமே என்று முதுகில் லேசாகக் கைவைத்து, தையலக்கா அவளைக் கம்பிவரை நடத்திக்கொண்டு போனாள். கம்பிக்கு முன்னால் கல் ஏற்றிய லாரிகள் நின்றன. தூரத்தில், சாலையின் மறுமுனைக் கம்பிக்கு அப்பால், வேன் சின்னதாகத் தெரிந்தது.

கம்பியைக் காவல் காக்கிற கேட்காரர் முடியாது என்று தலையை ஆட்டினார். "கல்லு பறக்கும்மா. சங்கு ஊதாம யாரையும் விட முடியாது."

"சங்கு ஊதினா அவரும் வந்துடுவாருங்க."

கேட்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமலிருக்கப் பாறையைப் பார்த்தார். "தெரியுது. கம்பியைத் தூக்கறதும் இறக்கறதும்தான் என் கையில இருக்கு. ஊதறது என் கையில இல்லையே."

காத்திருந்தார்கள். பள்ளத்திலிருந்து வருகிற ஒற்றையடிப் பாதை அந்தக் கம்பியருகேதான் சாலையில் சேரும். குழாயடிப் பெண்கள் குடத்தோடு ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். உதவிக்கு என்று சொல்ல முடியாது. வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். ஆனாலும் வந்து நின்றார்கள்.

வெடி அதிர்ந்தது. மண் குலுங்கி, புழுதி எழும்பி, கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை. இரண்டாம் சங்கு ஊதியது. கேட்காரர் கம்பியைத் தூக்கினார். எப்போதும் முதலில் போகிற லாரியின் முன்னால் குறுக்கே நின்று, "நீ இரு, முதல்ல வேன்" என்றார். வேன் புழுதிக்குள்ளிருந்து வந்தது. கதவு திறந்தது. அந்தப் பெண் படியில் கால் வைத்தவள் திரும்பிப் பாதையைப் பார்த்தாள். வெடிக்காரர் ஏறி வந்துகொண்டிருந்தார். ஓடி வரவில்லை. அவளுக்கு அந்த நடை தெரியும் போலும், கால் படியிலேயே ஒட்டிக்கொண்டது. தையலக்கா முதுகில் வைத்திருந்த கையால் தள்ளினாள். நன்றாகவே தள்ளினாள், உள்ளே அவள் "அம்மா" என்று முனகியது கேட்டது.

பாதை முடிகிற இடத்தில் குடமும் ஆளுமாகக் கூட்டம் அடைத்துக்கொண்டிருந்தது. "வழி விடுங்க" என்றார் வெடிக்காரர். விட்டார்கள். விடுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்கள். வேன் திரும்ப இடமில்லாமல் பின்னோக்கியே போய், வளைவில் மறைந்தது.

அவர் யாரையும் தொடவில்லை. தையலக்காவுக்குப் பின்னாலேயே கடைவரை நடந்து வந்து, வாடிக்கைக்காரர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க கொண்டுபோய் வச்சிருக்கீங்க?"

"எனக்குத் தெரியாதுங்க." அது உண்மை. அவளுக்குச் சொல்லமாட்டார்கள், சொல்லாமலிருப்பதே நல்லது என்று அவளே கேட்டு வாங்கிய ஏற்பாடு.

"தெரிஞ்சுக்குவேன்" என்றார். வேலை முடிகிற சங்கு ஊதும்வரை உட்கார்ந்திருந்தார். தையலக்கா யாருடைய துணி என்று பார்க்காமல் எதையோ ஓட்டி ஓட்டித் தைத்தாள். பிறகு பார்த்தால் ஒரு சட்டையின் கழுத்தை முழுக்க மூடித் தைத்திருந்தாள்.

அவர் போனபின் தொட்டிப் படிக்குப் போனாள். குழாயடியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவும் பயமாகத்தான் இருந்தது.

"பத்திரமா சேர்ந்துட்டாங்கம்மா" என்றார் மேடம். "தோள்பட்டை விலகியிருக்கு, டாக்டர் பார்த்துட்டாரு. வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. கதவு உள்பக்கம் பூட்டுமான்னு."

"பூட்டுமா?"

"பூட்டும்."

வீட்டுக்கு வந்தாள். கணவர் கம்ப்ரசர் எண்ணெய்க் கையோடு திண்டாடிக்கொண்டு நின்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சோற்றை எடுத்து வைக்காமல் தையலக்கா, வீட்டு முன்னறையான கடையின் கதவை இழுத்துப் பார்த்தாள். வெளியே பூட்டு உண்டு. உள்ளே ஒன்றுமில்லை. இத்தனை வருடம் அது ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை.

"உள்ள ஒரு தாழ்ப்பாள் போடணுங்க."

"நாளைக்குப் போடலாம்."

"இன்னிக்கே."

அவர் போய் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார். தாழ்ப்பாள் இல்லை, பழைய பெட்டியிலிருந்து ஒன்றைக் கழற்றினார். அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டாள். மரம் காய்ந்துபோயிருந்தது. முதல் திருகு பிடிக்கவில்லை.