தோலுறைக்குள் வைஃபை டப்பா

ஆம்பூரில் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் வேலை பெரும்பாலும் வீடுகளில்தான் நடக்கிறது. கம்பெனி வேன் வெட்டிய தோலை இறக்கிவிட்டுப் போகும். தெருப் பெண்கள் ஒரு வீட்டுக் கூடத்தில் கூடி உட்கார்ந்து தைப்பார்கள். எந்த வீட்டில் உட்காருகிறார்களோ, அந்த வீட்டுக்காரி வைத்ததுதான் தெருவில் சட்டம். பல வருடமாக அது ஜஹீருன்னிசா.

அந்தத் தெருவில் போன் சிக்னல் வாசலோடு நின்றுவிடும். அதனால் பேச்சுதான் பொழுதுபோக்கு. பேச்சில் ஜஹீருன்னிசாவை மிஞ்ச ஆளில்லை.

எதிர்வீட்டு ஹேமலதா, உள்ளங்கையில் அடங்கும், சிம் போட்ட வைஃபை டப்பா ஒன்றை வாங்கிவந்து, சிக்னல் எட்டும் மாடி ஜன்னலில் வைத்தாள். அவள் வீட்டில் சீரியல் தடங்கலில்லாமல் ஓடியது. கல்யாணத்துக்குப் போனால் ஷேர் ஆட்டோவிலும் அதே டப்பா, அதே கூட்டம். கூடத்தில் தைக்கும் பெண்களில் முதலில் மெஹக் அங்கே போனாள், பிறகு எல்லோரும்.

ஜஹீருன்னிசா தன் காலிக் கூடத்தில் தனியாகத் தைத்தாள். எதிரே சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஊசி விரலில் ஏறியது. போனைத் திறந்தால் ‘ஹேமலதா’ என்ற பெயர் பூட்டுப் படத்தோடு தெரிந்தது. பாஸ்வேர்டு கேட்டால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை.

அவளும் ஒரு டப்பா வாங்கினாள். ஹேமலதாவுடையது வெறும் பிளாஸ்டிக். தன்னுடையது அப்படி இருக்கக் கூடாது. மிச்சத் தோலில், இரட்டை மடிப்பில், ஷூவுக்குப் போடும் அதே தையலில் உறை தைத்தாள். மொட்டைமாடிக் கம்பத்தில் வாரோடு தொங்கவிட்டு எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டாள். வெயில் ஏறியதும் டப்பா கொதித்து அணைந்துபோனது.

“ஆபா, வைஃபைக்கு ஷூ போட்டா அது இன்னா நடந்தா வரும்?” என்றாள் மெஹக். கூடமே அதிர்ந்தது. சிரித்தபடியே எழுந்து எதிர்வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலமே ஜஹீருன்னிசா உறை முழுக்க வரிசையாகத் துளை அடித்தாள், ஷூ முனையில் பூ வேலைக்கு அடிப்பதுபோல. டப்பா அதற்குப் பிறகு அணையவில்லை. ஆனால் யாரும் திரும்பி வரவில்லை. வந்தது ஹேமலதா.

“அக்கா, எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடுங்க. அழகா இருக்கு.”

“குடுக்கறேன். துளை மட்டும் வேணாம்மா, தூசி போகும்.”

“உங்களுதுல இருக்கே?”

“அது சும்மா டிசைனு.”

இத்தனை கவனமாக அவள் எந்தக் கம்பெனிக்கும் தைத்ததில்லை. மூலைகளில் காற்று நுழைய இடமில்லை.

மறுநாள் மதியம் ஹேமலதா வீட்டில் சீரியல் பாதியில் நிற்க, பெண்கள் தைப்பதையெல்லாம் வாரிக்கொண்டு தெருவைக் கடந்தார்கள். ஜஹீருன்னிசாவின் கூடம் நிறைந்தது. பாயை உதறிப் போட்டு, டீ வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ்வேர்டு சொன்னாள். கடைசியாக ஹேமலதா வந்து நட்டநடுவில் உட்கார்ந்தாள். மடியில் அந்த உறை.

“அக்கா தைச்ச உறை சூப்பர். தூசி போகல, காத்தும் போகல. என் டப்பா மூச்சுமுட்டி செத்துப்போச்சு. மெஹக், பார்த்துடி, அக்காகிட்ட ஜாக்கெட் கீக்கெட் தைக்கக் குடுத்துடாத!”

கூடம் குலுங்கியது. மெஹக் சிரித்துச் சிரித்து ஹேமலதாவின் தோளில் சாய்ந்தாள். சீரியலைக்கூட யாரும் பார்க்கவில்லை.

ஜஹீருன்னிசா டீ தட்டோடு நின்றாள். வீடு அவளுடையது, நெட்டும் அவளுடையது. எல்லா முகமும் ஹேமலதா பக்கம் திரும்பியிருந்தது.