மதில்மேல் வைத்த கரியர்

எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோவில் சுவாமியாருக்குச் சமையற்காரர் கிடையாது. கோவிலை ஒட்டிய அறைவீட்டில் அவர் தங்குவார். மத்தியானச் சாப்பாடு வீடுகளிலிருந்து முறை வைத்துப் போகும். இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு அடுத்த வீடு. எந்த நாள் எந்த வீட்டு முறை என்று எழுதும் கொப்பி என்னிடம் இருந்தது. மாதர் சபைக்கு நான்தான் செயலாளர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதனால்தான் அந்தப் பதவியைத் தந்தார்கள் என்று என் மனுசன் சொல்லிச் சிரிப்பார். முறை தவறிய வீட்டு வாசற்படலையில் போய் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டு வருவேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். மன்னார்த் தீவின் வடகரையில் இருக்கிறது, அது போதும். நான் சொல்லப்போகும் பிள்ளை இப்போதும் அங்கேதான் இருக்கிறாள்.

சாப்பாட்டைத் தூக்குக் கரியரில் அடுக்கி, வீட்டிலுள்ள சின்னப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். பிள்ளை கொண்டுபோனால் சுவாமி நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவார், அது பிள்ளைக்கு ஆசீர்வாதம் என்று நம்பினோம். தாய்மாரே கொண்டுபோனால், பிள்ளையை அனுப்ப மனமில்லாத வீடு என்று பேச்சு வரும். பேச்சு என்றால் வேறு யாருடையதும் இல்லை, என்னுடையதுதான்.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சண்டைக் காலத்தில் எங்களுக்கென்று வாய் திறந்தவர்கள் சுவாமிமார்தான். என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனபோது, மழையில் நனைந்தபடி இராணுவ முகாம் வாசலில் நின்று அவனைக் கூட்டிவந்தவர் அப்போதிருந்த சுவாமியார். அந்த அங்கியைக் கண்டால் எங்களுக்குக் கை தானாகக் கும்பிடும். பிறகு அவர் மாறிப் போனார், வேறொருவர் வந்தார். முந்தியவர் சம்பாதித்த நம்பிக்கை முழுவதையும் தூக்கி, வந்தவர் கையில் அப்படியே கொடுத்துவிட்டோம். அவர் யார், எப்படிப்பட்டவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

புதியவர் மென்மையாகப் பேசுவார். அந்த வருடம் தென்மேற்குச் சோளகக் காற்று பிடித்திருந்த நேரம், ஒரு நாள் பூசை முடிந்து என்னைக் கூப்பிட்டார்.

“கொஞ்ச நாளா ஒரு வீட்டுச் சாப்பாடு மதிலிலதான் இருக்குது. நேற்று கழுதை தட்டி விழுத்திப்போட்டுது. பிள்ளையளுக்கு மரியாதை குறைஞ்சு போகுது போல,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. கொப்பியைப் பார்த்தேன். கோவிலுக்குக் கிழக்கே மூன்றாம் வீடு. தகப்பன் என் மனுசனோடு ஒரே வள்ளத்தில் கடல்தொழிலுக்குப் போகிறவர். தாய் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், எனக்குக் கருவாடு காயப்போட உதவிக்கும் வருவாள். ஒரே பெண்பிள்ளை, ஆண்டு ஏழு படித்தாள். வாயாடி. என்னைக் கண்டால் “மாமி, இண்டைக்கு ஆரோட சண்டை?” என்று கேட்கிறவள். சில காலமாக அவள் அப்படிக் கேட்கவில்லை. அதை நான் கவனித்தேன். வயசுக்கு வருகிற பிள்ளை, அடக்கம் வருகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்களுடைய அடுத்த முறை வந்தது. வேண்டுமென்றே அந்த நேரத்துக்குக் கோவிலடிக்குப் போனேன். பிள்ளை கரியரை மதிலில் வைத்துவிட்டுத் திரும்பி ஓடினாள். மறித்துப் பிடித்தேன்.

“என்ன பழக்கம் இது? சுவாமி என்ன நாயோ, மதிலில வைச்சிட்டு ஓட? வா, மன்னிப்புக் கேட்டுக் கையில குடு.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். உச்சி வெயிலில் அந்தக் கை குளிர்ந்திருந்தது. அவள் திமிறவில்லை, அழவுமில்லை. அறைவீட்டு விறாந்தையில் ஏறும்போது ஒன்று மட்டும் சொன்னாள்.

“மாமி, நீங்களும் நில்லுங்கோ.”

வானம் இருண்டுகொண்டு வந்தது. கடற்கரையில் என் கருவாடு முழுவதும் விரித்துக் கிடந்தது. “எனக்கு வேலை கிடக்கு, குடுத்திட்டு வா,” என்று சொல்லி அவளை வாசலுக்குள் விட்டேன். சுவாமி வந்து கரியரை வாங்கினார், என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கடற்கரைக்கு ஓடினேன். அன்றைக்கு மழை பெய்யவேயில்லை. வீட்டுக்கு வந்து கொப்பியில் திகதியைப் போட்டு, ‘மதிலில் வைத்தாள். கண்டித்து உள்ளே அனுப்பினேன்’ என்று எழுதினேன்.

பிறகு அந்தப் பிள்ளை பூசைக்கு வருவது நின்றது. பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. மடு மாதா திருநாளுக்கு ஊரே லொறி பிடித்துப் போனபோது அந்த வீடு மட்டும் போகவில்லை. ஒரு நாள் பின்னேரம் தாய் என் வீட்டுக்கு வந்து, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் நின்றாள்.

“அக்கா, எங்கட வீட்டை முறையில இருந்து வெட்டிவிடுங்கோ.”

“ஏன், உன்ர சமையல் வாயில வைக்க ஏலாதெண்டு சுவாமி சொல்லிப்போட்டாரோ?” என்று பகிடி விட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. சொன்னாள். பிள்ளை அவளுக்குச் சொன்னதை, சொன்ன மாதிரியே சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன், அது அவர்களுடையது. ஒரு தடவை இல்லை, பல தடவை. அதனால்தான் பிள்ளை மதிலில் வைத்துவிட்டு ஓடப் பழகியிருந்தாள். அந்தச் சின்ன மூளை தனக்கென்று கண்டுபிடித்த ஒரே வழி அது.

நான் என்ன செய்தேன் என்று சொல்ல வாய் கூசுகிறது. “வாயைக் கழுவு,” என்றேன். “சுவாமிமாரில பழி போட்டால் குடும்பம் உருப்படாது,” என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து படலையைத் தாண்டினாள். அவள் போனபிறகுதான் பிள்ளையின் கையிலிருந்த அந்தக் குளிர் என் கைக்குள் வந்தது. அன்றிரவும் அதற்குப் பிறகும் நான் கண்மூடியது குறைவு.

கதை எப்படியோ வெளியே வந்தது. ஊர் அந்த வீட்டைத்தான் கேள்வி கேட்டது. பேசாலையிலிருந்து கருவாடு எடுக்க வருகிற வியாபாரி அந்த வீட்டுப் படலையைத் தாண்டிப் போனான். எங்கள் வள்ளத்தின் என்ஜின் நடுக்கடலில் நின்று இரண்டு பேர் மயிரிழையில் தப்பியபோது, பழி பேசியதன் தண்டனை என்றார்கள். அதற்குப் பிறகு பிள்ளையின் தகப்பனை எந்த வள்ளத்திலும் ஏற்றவில்லை. என் மனுசனும் ஏற்றவில்லை. அவர் கரையில் நின்று வள்ளங்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மேலிடத்திலிருந்து இரண்டு குருமார் விசாரிக்க வந்தார்கள். அதற்கு முதல் நாள் கோவில் மூப்பர் என் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார். பெரிய மனிதர், எங்கள் பிணக்குகளையெல்லாம் தீர்த்து வைக்கிறவர்.

“சுவாமி உம்மைத்தான் சாட்சிக்குச் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை அறைவீட்டுக்குள்ள கால் வைச்சதேயில்லை, சாப்பாடு எப்பவும் மதிலிலதான் இருந்தது, செயலாளருக்கும் தெரியும் எண்டு சொல்லியிருக்கிறார். நீர் ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் போதும். கோவில் தப்பும்.”

அந்தச் சுவாமி என்னை நன்றாகக் கணக்குப் போட்டிருந்தார். உண்மையைச் சொன்னால், பிள்ளையை உள்ளே கொண்டுபோய் விட்டவள் நான் என்று ஊருக்கே சொல்லவேண்டும். அதைச் சொல்ல எந்தப் பொம்பிளை துணிவாள்? ஓம் என்று சொன்னால் அந்தப் பிள்ளை பொய்க்காரி ஆவாள், என் பெயர் தப்பும்.

பள்ளிக்கூட மண்டபத்தில் மேசை போட்டிருந்தார்கள். தாயும் தகப்பனும் ஒரு மூலையில், சுவாமி மற்ற மூலையில். பிள்ளையைக் கூட்டிவரவில்லை. என்னைக் கூப்பிட்டதும் கொப்பியோடு எழும்பினேன்.

“அந்தப் பிள்ளை உள்ளே போனது,” என்றேன். “நான்தான் கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் விட்டனான். என்னையும் நிக்கச் சொல்லிக் கேட்டவள். நான் நிக்கேல்லை. எழுதி வைச்சிருக்கிறன், பாருங்கோ.”

கொப்பியை மேசையில் வைத்தேன். சுவாமியின் சிரிப்பு அப்போதுதான் மறைந்தது. தாய் என்னைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நன்றி சொல்ல அவளுக்கு என்ன இருந்தது?

மாதர் சபை என்னை விலக்கியது. மீன்குடலை வாளியோடு என் முற்றத்தில் கொட்டினார்கள். யார் என்று தெரியும், அவளுடைய கலியாணத்துக்குச் சட்டி பானை கொடுத்தவள் நான். என் மனுசன் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் விடிய எழும்பிப் போய், அந்தத் தகப்பனைத் தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார்.

சுவாமிக்கு மாற்றம் வந்தது. தண்டனை என்று ஒருவரும் சொல்லவில்லை, மாற்றம் என்றுதான் சொன்னார்கள். மாலை போட்டு அழுது அனுப்பினார்கள். பிள்ளையின் தாய் பொலிசுக்குப் போய் முறைப்பாடு கொடுத்தாள். நானும் போய் வாக்குமூலம் கொடுத்தேன், வேறு வேறு பஸ்ஸில் போனோம். அதற்குப் பிறகு ஒரு அசைவும் இல்லை.

அடுத்து வந்த சுவாமியார் வயதானவர், கொஞ்சம் சிடுசிடுப்பு. முதல் ஞாயிறே பீடத்தில் நின்று, “எனக்குச் சாப்பாடு அனுப்ப வேண்டாம், நான் சமைப்பன். பிள்ளையள் ஒருத்தரும் அறைவீட்டுக்குத் தனிய வரக்கூடாது,” என்று அறிவித்தார். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கும் அவரில் நம்பிக்கை வரவில்லை. அங்கியைக் கண்டால் இப்போது என் கை கும்பிடவில்லை, மடியில் சுருண்டு கிடந்தது. பூசைக்குப் போவேன், கடைசி வரிசை வாங்கில் இருப்பேன். கடவுளோடு எனக்குப் பிரச்சினை இல்லை என்று சொல்லிக்கொள்வேன். அது பொய், அவரோடும் கோபம்தான்.

அந்த வயதான சுவாமியார் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனார். படலைக்கு வெளியே தெருவில் நிற்பார். ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவார். வெயிலிலும் நின்றார், புழுதிக் காற்றிலும் நின்றார். நாலைந்து மாதம் கழித்துத் தாய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து படலைக்கு வெளியே, தெருவில் போட்டாள். உள்ளே கூப்பிடவில்லை. அவர் அந்தக் கதிரையில் இருந்தார். ஊர் பார்த்தது.

நான் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

“உங்களுக்கு முந்தியவர் இப்ப எங்க?”

“சொல்லக்கூடாதெண்டு எனக்குக் கட்டளை,” என்றார். நான் திரும்பி நடந்தேன். “நில்லுங்கோ,” என்று கூப்பிட்டு ஊரின் பெயரைச் சொன்னார். பெருநிலத்தில், வயல்பக்கம், ஒரு சின்னப் பங்குக் கோவில். “மேலிடத்துக்கு இரண்டு தரம் எழுதினனான். பதில் இல்லை. மூண்டாவது கடிதத்தை நானே கொண்டுபோறன்,” என்றார். திரும்ப நம்பலாம் என்று எனக்குத் தோன்றிய முதல் சுவாமியார் அவர். கட்டளையை மீறினாரே, அதனால்.

நேராகத் தாயிடம் போனேன். மண்டப விசாரணைக்குப் பிறகு நாங்கள் ஒரு சொல்லும் பேசியதில்லை. ஊரின் பெயரைச் சொன்னேன். அவள் கையிலிருந்த வலை ஊசியைக் கீழே வைத்தாள்.

“அங்கயும் முறைச் சாப்பாடு இருக்குமோ அக்கா?”

“இருக்கும். நான் போய் அந்தச் சனத்துக்குச் சொல்லப்போறன்.”

“நீங்கள் போறீங்களெண்டா நானும் வாறன்,” என்றாள். பொலிசில் தந்த முறைப்பாட்டுத் துண்டை மடித்து மணிப்பேர்சுக்குள் வைத்தாள்.

நானாட்டானில் இறங்கி வேறு பஸ் மாறினோம். வழி முழுக்க வெட்டு முடிந்த வயல், காகங்கள். அவள் சன்னலோரம் இருந்தாள். எங்களுக்கு நடுவில் அவளுடைய பை இருந்தது.

கோவிலடியில் இறங்கும்போது உச்சி நேரம். அறைவீட்டு மதிலைப் பார்த்தேன். அதில் ஒரு கரியர் இருந்தது.

தாய் என் முழங்கையைப் பிடித்தாள். தெருமுனையில் என் வயதுப் பெண் ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். ஒரு சின்னப் பெட்டையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். எங்களைக் கண்டதும் விருந்தாளிகள் என்று நினைத்துச் சிரித்தாள்.

“சுவாமியைப் பாக்க வந்தனீங்களோ? வாங்கோ. இந்தப் பிள்ளையளுக்கு வரவரப் பஞ்சி, சோம்பல். மதிலில வைச்சிட்டு ஓடுதுகள். இண்டைக்கு நானே கொண்டுபோய் உள்ள விடப்போறன்.”

என் வாய் நீளம் என்று சொன்னேன். அந்த நேரத்தில் அதற்குள் ஒன்றும் இல்லை. பெட்டை நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு எப்படியோ பேசினேன்.

“அந்தக் கையை விடுங்கோ. நானும் இப்பிடித்தான் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் விட்டனான். இந்தா நிக்கிறா, அந்தப் பிள்ளையின்ர தாய்.”

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. முகம் கறுத்தது. என்னை எப்படிப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும், நானும் ஒருநாள் குசினி வாசலில் நின்றவளை அப்படித்தான் பார்த்தேன். ஆனால் பிடி கொஞ்சம் தளர்ந்தது. பெட்டை கையை உருவிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள், என் சேலைத் தலைப்புக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

அறைவீட்டுக் கதவின் கொண்டி கழலும் சத்தம் கேட்டது.

“மாமி, போயிடாதேங்கோ,” என்றாள் பெட்டை.

“போகேல்லை,” என்றேன். நான் அங்கேயே நின்றேன்.