ஹார்டு டிஸ்க்கில் ஒரு பாகப்பிரிவினை

செஞ்சியில் எங்கள் டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல்தான். தூசி வருமென்று அதையும் பிளைவுட் அடித்து மூடிவிட்டார்கள். ராஜகிரி மலையே கண்ணில் படாது. ஆனாலும் கல்யாணமாகி வந்த வீட்டில் என்னை ஒரு ஆளாக மதித்தது அந்த அறையில் மட்டும்தான். அதை விட்டால் எனக்கு அடுப்படிதான்.

எண்பதுகளின் கடைசியில் என் கணவரும் அவருடைய அண்ணனும் தொழிலைப் பிரித்துக்கொண்டார்கள். டைப்ரைட்டர்களைப் பங்கு போட்டாயிற்று. கம்ப்யூட்டர் ஒன்றுதானே? ஆளுக்கொரு நாள் ஓட்டுவது, அதன் ஹார்டு டிஸ்க்கில் ஆளுக்கொரு பாகம் என்று முடிவானது. அப்படிப் பிரிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆறு மாதம் விழுப்புரத்துக்கு பஸ்ஸில் போய்ப் படித்தேன். முடியவே முடியாது என்று குதித்த என் கணவரைச் சமாதானப்படுத்தி என்னை அனுப்பியவர் அந்த அண்ணன்.

எங்கள் வீட்டு வழக்கத்தில் மூத்தவர் பங்கு வைப்பார், இளையவர் முதலில் எடுப்பார். "சரிபாதியா போடுமா" என்றார் அண்ணன்.

பழையதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. முன்பே ஃபிளாப்பிகளில் எடுத்து வைத்திருந்ததால் சம்மதம் கொடுத்தேன். பாகத்தின் அளவைச் சிலிண்டர் எண்ணிக்கையில், அதாவது டிஸ்க்கின் வட்ட அடுக்குகளின் கணக்கில், கேட்டது. பாதியாக வகுத்துக் கொடுத்தேன். சி ஒன்று, டி ஒன்று. அளவில் குறையில்லை. ஆனால் கம்ப்யூட்டரை எழுப்பும் டாஸ் ஏறுவது சி-யில். அதைத் தாண்டித்தான் டி-க்குப் போக முடியும்.

பங்கு போடுவதற்கு முந்தின நாளே இதை என் கணவரிடம் உளறித் தொலைத்திருந்தேன். "நான் சி-ய எடுத்துக்குவேன். நீ வாயத் தொறந்த, அடுப்பங்கரையோட கெட" என்றிருந்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானேமா?" என்று அண்ணன் கேட்டார்.

"அளவு ஒண்ணுதான் மாமா."

பொய் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கங்கெட்ட சமாதானம். என் கணவர் சி-யை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அண்ணன் முறை. ஸ்விட்சைப் போட்டார். திரையில் சி வந்து நின்றது.

"இன்னாமா இது, எம்முறையிலகூட தம்பி பாகந்தான் மொதல்ல வருது?"

"எப்பவும் அப்படித்தான் மாமா. டி தானா எழுந்துக்காது."

"நேத்தே தெரியுமா உனுக்கு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"கேட்டிருந்தா முழுசையும் உங்கிட்டயே குடுத்திருப்பேனேமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தன் பாகம் வேண்டாமென்று அன்று மதியமே தம்பியிடம் சொல்லிவிட்டார். என் கணவர் அல்வா வாங்கிவந்து என் கையில் வைத்தார். "இனிமே மொத்தமும் நமக்குத்தான், வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு, ஏசி வீணாகாமல் கதவையும் சாத்திக்கொண்டு போனார். நான் பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒரே வீட்டில்தான் எல்லோரும் இருந்தோம். அறையைவிட்டு வெளியே வந்தால் அண்ணன் முகத்தில் விழிக்க வேண்டும்.