ஜீப் சத்தமும் ஜப்பான் கடிதமும்

போன வாரம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு திருட்டு வேலை செய்தேன். ஒரு மென்பொருளைப் போட்டேன், நீக்கினேன், மறுபடி போட்டேன். மூன்றும் ஒரே காலையில்!

இலங்கையில் ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிளாக்கர் என்பது உங்களுக்குத் தெரியும். பயந்தாங்கொள்ளி என்பதும் தெரியும். எங்கள் தோட்ட மேனேஜர் தொரையின் உத்தரவு — கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் போடக் கூடாது.

அன்று கொழுந்தெடுக்கும் சாந்தி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷன் மோகன் ஜப்பானில் ஒரு பாக்டரியில் வேலை செய்கிறான். ஞாயிறு தவறாமல் போன் பண்ணுகிறவன், மூன்று ஞாயிறாகப் பண்ணவில்லை.

"மெயில் ஏதும் வந்துச்சுங்களா ஐயா?"

வந்திருந்தது. மோகனிடமிருந்து அல்ல, அவன் கம்பெனியிலிருந்து. முழுக்க ஜப்பான் எழுத்து. கம்பெனிக்காரன் எதற்கு எழுத வேண்டும்? நல்ல சேதிக்கா இவ்வளவு நீளக் கடிதம்? அவளுக்கும் அதே கேள்விதான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஊரில் ஜப்பான் பாஷை தெரிந்த ஒரே ஆள், டவுனில் மாணிக்கக்கல் வியாபாரம் பண்ணும் சுனில் முதலாளி. ஆறு வருஷம் அங்கே இருந்தவர். நன்றாகப் பேசுவார், ஆனால் படிக்கத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்தில் இருந்தால் போனில் வாசியுங்கள், அர்த்தம் சொல்கிறேன் என்றார்.

கொழும்பிலிருந்து வந்து எங்களுக்குக் கம்ப்யூட்டர் பூட்டித் தந்தவரைப் போனில் கேட்டேன். ஜப்பான் எழுத்தை இங்கிலீஷ் எழுத்தாக மாற்ற ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறதாம். படமும் பட்டனும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் வரும், இன்னொரு வரி அடித்தால் போய்விடும்.

"அகராதியையும் சேத்துப் போடுங்க. இல்லாட்டி பாதி எழுத்து மாறாது" என்றார்.

இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மென்பொருள் சட்டென்று வந்துவிட்டது. அகராதிதான் டெலிபோன் லைனில் முக்கி முனகி முக்கால் மணி நேரம் எடுத்தது. சாந்தி அவ்வளவு நேரமும் உட்காரவே இல்லை. பிறகு இன்டர்நெட்டை வெட்டி, அதே லைனில் முதலாளியைக் கூப்பிட்டு வாசிக்க ஆரம்பித்தேன். நாலாவது வரியில் அவர் நிறுத்தச் சொன்னார்.

"இஸ்பிரிதாலே" என்றார் சிங்களத்தில். நான் அதை அப்படியே திருப்பிச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரியா... யாருங்க? அவருங்களா?" சாந்தி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வளைவில் தொரையின் ஜீப் சத்தம்!

தோட்டத்தில் பிறந்தவனுக்கு ஜீப் சத்தம் கேட்டால் மூளை நின்றுவிடும், கைதான் ஓடும். போனை வைத்தேன். நீக்கும் வரியை அடித்தேன். 'நிச்சயமா?' என்று கேட்டது. ஆமாம் என்றேன். கறுப்புத் திரையை மூடினேன். மாற்றிய கடிதத்தைச் சேமித்து வைக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஜீப் நிற்காமல் பாக்டரிப் பக்கம் போய்விட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் பொறகு என்னங்கய்யா எழுதியிருந்துச்சு?"

அவள் புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியவில்லை, நான் என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

இன்னொரு முக்கால் மணி நேரத்தை இவள் தாங்குவாளா? லைனை இன்டர்நெட்டுக்கு மாற்றித் திரும்பவும் போட்டேன். ஒரே நிமிஷத்தில் முடிந்தது! அவசரத்தில் மென்பொருளை மட்டும்தான் நீக்கியிருக்கிறேன், அகராதியை மறந்திருக்கிறேன். என் அரைகுறை வேலை ஒருவருக்கு உதவியது அன்றுதான்.

முதலாளியை மறுபடி கூப்பிட்டு, இந்தத் தடவை ஒரே மூச்சில் கடைசி வரி வரை வாசித்தேன்.

"பய வென்ட எப்பா" என்றார் முதலாளி. பயப்பட வேண்டாமாம். குடல்வால் வெடித்து இரண்டு ஆபரேஷன். இப்போது கண்டம் தாண்டிவிட்டான். ஞாயிறு பேசுவான்.

சாந்தி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். அதனால்தான் இரண்டாவது ஜீப் சத்தம் எங்கள் காதில் விழவில்லை. நிமிர்ந்தால், வாசலில் தொரை.

மறைக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், சாந்தியைப் பார்த்தார். "எனக்குச் சொல்லியிருக்கலாமே" என்று சிங்களத்தில் சொன்னார். "அவன் ஊருக்கு வரும்வரை இந்த மென்பொருள் இருக்கட்டும்."

ஞாயிறு போன் வந்தது. நீக்கும் வரியை ஒரு தாளில் எழுதி மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்... அதை மோகனே வந்து அடிக்கட்டும்.