எட்டு மணி மாத்திரையும் பதினான்காம் நம்பர் பஸ்ஸும்

என் தம்பியைப் பார்த்து யாராவது "பாவம்" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் என்ன பாவம்? பதினாறு வருஷம் பதினான்காம் நம்பர் பஸ்ஸை ஓட்டியவன். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு இரண்டு வருஷம், வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் படுத்துக் கிடந்தவன். மீதி நாட்களில் டிப்போவின் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து வேலையும் பார்த்தான். அப்புறம் என்னுடைய இடது சிறுநீரகத்தை எடுத்து அவனுக்கு வைத்தார்கள். கொடுத்ததற்காக நான் பெருமையடித்துக்கொள்வதில்லை. ஆனால் அவனைத் திட்டும் உரிமை அதோடு சேர்ந்து வந்துவிட்டது, அதை மட்டும் தினமும் பயன்படுத்துகிறேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த புதிதில் வருகிறவர்கள் எல்லோரும் முகமூடி கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்று அவனை உருக்கமாகப் பார்த்தார்கள். எங்கள் சித்தி ஒரு படி மேலே போய், "இனிமே வீட்டோட இருந்துக்கோப்பா, உயிர் இருந்தா போதும்" என்றாள்.

"உயிர மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்றது சித்தி? ஷோகேஸ்ல வைக்கவா?" என்று கேட்டான் தம்பி. சித்தி அதற்கப்புறம் ஒரு மாதம் வரவில்லை, நிம்மதி.

காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை மாத்திரை. புதுச் சிறுநீரகத்தை உடம்பு அந்நியம் என்று விரட்டிவிடாமல் இருக்க அது ஆயுசுக்கும் வேண்டும். அவன் மனைவி சமையலறைச் சுவரில் அட்டையில் எழுதி ஒட்டினாள். அவனுக்கு அட்டை தேவைப்படவில்லை, பஸ்ஸை ஒரு நிமிஷம் முன்னே பின்னே எடுக்காதவன் மாத்திரையையும் அப்படியே போட்டான். டயாலிசிஸ் காலத்தில் தண்ணீரை அளந்து அளந்து நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தவன் இப்போது மூன்று லிட்டரை மடக் மடக்கென்று குடித்தான். ஒரு நாள் பாத்ரூமிலிருந்து வெளியே வந்து, "அக்கா, சும்மா அருவி மாதிரி!" என்று கத்தினான். நாற்பத்திரண்டு வயசில் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா? எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

எட்டாவது மாதம், திரும்பவும் பஸ் ஓட்ட வேண்டும் என்று கேட்க டிப்போவுக்குப் போனான். நானும் தையல் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே போனேன். துணைக்கு இல்லை. சண்டை போட ஒரு ஆள் வேண்டுமே என்றுதான்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். எதுக்கு ரிஸ்க்? உக்காந்து பாக்குற வேலையாவே பாத்துக்கோங்க" என்றார்.

"டிரைவர் மட்டும் நின்னுக்கிட்டா சார் ஓட்டுறாரு?" என்றேன்.

பக்கத்து மேசைக்காரர் எதையோ தேடுவதுபோல் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார். மேனேஜருக்கும் சிரிப்பு வந்தது. "சரிம்மா. ஒண்ணாம் தேதி புது டியூட்டி சார்ட் போடுறோம். அதுக்குள்ள இவர் ஓட்டலாம்னு கிட்னி டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க. இல்லைன்னா விசாரணை ஜன்னல்லயே நிரந்தரமா போட்டுடுவாங்க. அப்புறம் என்னால மாத்த முடியாது."

பன்னிரண்டு நாள்தான் இருந்தது. வீடு திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது தம்பி, "அடுத்தவன் ஓட்டுற பஸ் எப்ப வரும்னு சொல்லிச் சொல்லியே கிழவனாகணுமாக்கா?" என்றான்.

அந்த மாத ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தால் லெட்டர் தருவதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதற்கு ஒரு விதி உண்டு. முந்தின ராத்திரி போட்ட மருந்து காலையில் ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதால், ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரையைப் போட வேண்டும். ஏழு மாதமாக அப்படித்தான் செய்தான். அன்றைக்கு லேபில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியதால் வரிசை நகரவே இல்லை. சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஆனது. இவன் கை தானாகப் பைக்குள் போயிற்று, மாத்திரையை விழுங்கிவிட்டான். ஒன்பதே காலுக்கு ஊசி குத்தினார்கள். பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தபோதுதான் செய்த காரியம் உறைத்திருக்கிறது. மகராசன் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "மருந்து ரெண்டு மடங்குக்கு மேல காட்டுது. ரத்தம் குடுத்த பிறகுதானே மாத்திரை போட்டீங்க?"

"ஆமா டாக்டர்" என்றான் தம்பி.

"அப்ப டோஸக் குறைச்சாகணும். ரெண்டு மூணு வாரம் பாப்போம். லெட்டர் பத்தி அடுத்த மாசம் பேசலாம்."

வெளியே வந்தோம். டோஸைக் குறைத்து எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருந்து கவுன்டர் பக்கம் போகாமல் ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே நின்றான். மூக்கு நுனி வேர்த்திருந்தது. பொய் சொன்னால் அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

சொன்னான். "மாத்திரையே ஒழுங்காப் போடத் தெரியாதவனை நம்பி பஸ்ஸக் குடுக்கலாம்னு எழுதுவாங்களாக்கா? வாய்ல ஆமான்னு வந்துடுச்சு."

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "அடப்பாவி! சரியா இருக்கற மருந்தப் போய்க் குறைச்சா என்ன ஆகும்? உள்ள இருக்கறது என்னோடதுடா! அதுக்கு எவன் குழி பறிச்சாலும் விடமாட்டேன், நீயா இருந்தாலும் சரி!" நடைபாதையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

"லெட்டர் போச்சுன்னா?"

"போகட்டும்! திரும்ப அந்த மெஷின் பக்கத்துல போய்ப் படுக்கறதுக்கு ஜன்னல் எவ்வளவோ தேவலாம். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன் கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே போனான். "டாக்டர், நான் சொன்னது பொய். எட்டு மணி ஆச்சேன்னு ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடியே முழுங்கிட்டேன். லெட்டர் தரலைன்னாலும் பரவாயில்ல, டோஸக் குறைச்சிடாதீங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் விளாசினார். எனக்குக் காது குளிர்ந்தது. "தப்புப் பண்றது சகஜம். அதை என்கிட்ட மறைச்சீங்க பாருங்க, அதுதான் ஆபத்து. நாளைக்கு மறுபடி ரத்தம் குடுங்க" என்று சீட்டை வாங்கிக் கிழித்துப்போட்டார்.

மறுநாள் மாத்திரை என் கைப்பையில் இருந்தது. ரத்தம் எடுத்ததை என் கண்ணால் பார்த்த பிறகுதான் எடுத்துக் கொடுத்தேன். அளவு கச்சிதமாக வந்தது. "வந்து ஒத்துக்கிட்டாரே, அதனால தைரியமா எழுதுறேன்" என்று டாக்டரம்மா லெட்டரைக் கொடுத்தார். மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். டிப்போ மைதானத்தில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், காட்டினான். ஒண்ணாம் தேதி பதினான்காம் நம்பரில் ஏறினான்.

அடுத்த வாரம், ஆல்டர் செய்த பேன்ட்டுகளை ஒரு கடையில் கொடுக்கக் கிளம்பினேன். ஸ்டாப்புக்கு இன்னும் இருநூறு அடி இருக்கும்போதே அவன் பஸ் பின்னாலிருந்து வந்தது. கையைக் காட்டினேன். பார்த்தான், நன்றாகவே பார்த்தான். முன்னால் இருக்கும் ஸ்டாப்பை விரலால் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். மூட்டையோடு ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் ஆட்களை ஏற்றிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"கிட்னி குடுத்தவளுக்கே நிறுத்த மாட்டியாடா, கழுதை!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

ஸ்டாப்பில் இருந்த ஒருவர், "விடுங்கம்மா, அந்த டிரைவர் யாருக்கும் நிக்க மாட்டாரு. ரொம்பத் திமிரு புடிச்ச ஆளு" என்றார்.

திமிர் பிடித்த ஆள்! என் தம்பியை! எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அடுத்த பஸ் வருகிற வரை நின்று சிரித்தேன்.