எப்ப எடுக்கறீங்க?

கீழ்பென்னாத்தூர் சாலையை அகலப்படுத்துகிறார்கள். ஓரத்தில் வேடியப்பன் என்று ஊர் கும்பிடும் நடுகல் ஒன்று நிற்கிறது. நாளை அதை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்கு முன் அளந்து படிவம் நிரப்ப அருங்காட்சியகவியல் மாணவர்கள் ஆறு பேர் வந்திருக்கிறோம். நான் ஐம்பது வயதில் சேர்ந்தவன். இந்த இடத்தில் கல்லுக்கு அடுத்த பழம்பொருள் நான்தான்.

‘பொருளின் நிலை’ என்ற கட்டத்தில், ‘எண்ணெய், மஞ்சளால் சேதம்’ என்று எழுதுகிறேன். அந்த மஞ்சளைப் பூசிய எதிர்வீட்டு அம்மா பக்கத்திலேயே நிற்கிறார்.

“வேடியப்பன எப்ப சார் எடுக்கறீங்க?”

சாவு வீட்டில் கேட்கிற அதே கேள்வி, அதே தாழ்ந்த குரல்.

“நாளைக்குக் காலைலங்க.”

“அங்க யாரு பூசை போடுவாங்க?”

“கண்ணாடிக்குள்ள வெப்பாங்கம்மா. யாரும் தொடக் கூடாது.”

“யாரும் தொடாம எப்பிடி சார் இருப்பாரு? பழக்கம் இல்லியே.”

அந்த அம்மா வீட்டுக்குள் போய் ஒரு குடம் தண்ணீரோடு வருகிறார்.

“எடுக்கறதுக்கு முன்ன ஒரு தடவ குளிப்பாட்டிடறேன்.”

கல்லில் தண்ணீர் படவிடக் கூடாது என்பது எங்களுக்கு முதல் வாரப் பாடம். நிறைகுடத்தை அவரால் தனியாகத் தூக்கிச் சாய்க்க முடியவில்லை. நான் போய் அடியில் பிடித்துக்கொள்கிறேன்.