நாற்பத்து மூன்று பெயர்கள், ஒரு ஃபைல்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்துவிட்டேன். எழுதவே கை கூசுகிறது… ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நான் பிறந்த தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நடப்போகிறார்கள். எங்கள் கிறிஸ்தவக் கல்லறைகளும் அங்கேதான் இருக்கின்றன. மரச் சிலுவைகளைக் கறையான் எப்போதோ தின்றுவிட்டது. மிச்சம் மண்மேடுகள் மட்டும் — நாற்பத்து மூன்று. திங்கட்கிழமைக்குள் பெயர் கொடுத்தால் எலும்புகளை எடுத்து ஈப்போ நகரத்தில் அடக்கம் செய்யலாம் என்றது நிர்வாகம். பெயர் இல்லாத மேடு? அதன்மேல் டிராக்டர் ஓடும்.

எந்த மேட்டில் யார் என்று தெரிந்தவர் சவரிமுத்து மாமா ஒருவர்தான். குழி வெட்டியவர் அவர்.

நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன். வேலை போய்விடுமோ என்ற பயத்தில், இப்போது புந்தோங்கிலிருந்து பஸ் ஏறிப் போய் கம்ப்யூட்டர் வகுப்பில் 'சி' புரோகிராமிங் படிக்கிறேன். எனக்கு எழுதத் தெரிந்த புரோகிராம் ஒன்றே ஒன்று — தட்டுகிற எழுத்தை ஒவ்வொன்றாக ஒரு ஃபைலுக்குள் போடும். காகிதம் என்றால் தொலைத்துவிடுவேனே என்று மாமாவையே வகுப்புக்குக் கூட்டிப் போனேன்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு, வரிசை வரிசையாக, தடங்கலே இல்லாமல் சொன்னார். நான் ஒற்றை விரலால் தட்டினேன்.

"என்னா மாப்ள, நான் ஒரு குழி வெட்டுற நேரத்துல நீ ஒரு பேரு தட்டுற!"

நாற்பத்து மூன்றும் முடிந்தது. உடனே எனக்குச் சந்தேகம். உள்ளே போயிருக்குமா? பார்த்துவிடலாம் என்று அதே புரோகிராமை மறுபடி ஓட்டினேன்.

வகுப்பு நடத்தும் சாந்தி ஓடி வந்தாள். "ஐயோ அண்ணே! இது எழுதுற புரோகிராம்லா. ஓட்டுனாலே பழைய ஃபைலைக் காலியாக்கிட்டு முதல்லேருந்து தொடங்கும்."

"திரும்ப எடுக்க முடியாதா?"

அவள் ஃபைலைத் திறந்து காட்டினாள்; ஓர் எழுத்துகூட இல்லை.

மாமா கோபப்படவில்லை. "போவட்டும்லா, இன்னொரு தடவ சொல்றேன்." இந்த முறை பேனாவை எடுத்தேன். சொன்னார்… முப்பத்தொன்றில் நின்றுவிட்டார். விரலை மடக்கினார், நீட்டினார்.

"சின்னக் குழிங்கதான் மாப்ள… பிள்ளைங்க பேரு வர மாட்டேங்குது. இப்பதானே வந்துச்சு?"

பஸ்ஸில் திரும்பும்போதும் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கவலைப்படுகிறவன் கவனமானவன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை… பத்திரமாக இருப்பதை நம்ப முடியாமல், தொட்டுத் தொட்டுப் பார்த்தே கெடுப்பவன்.

திங்கட்கிழமை பட்டியலைக் கொடுத்தேன். முப்பத்தொரு பெயருக்குக் கீழே நானாக ஒரு வரி எழுதினேன்: 'இன்னும் பன்னிரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். பெயர் போனது என்னால். தயவுசெய்து டிராக்டர் ஓட்டாமல், மெதுவாகத் தோண்டவும்.'